கோபத்தைப் பெட்டியில் அடைத்த பையன்!

ரொபேர் என்று ஒரு பையன். அன்றைக்கு அவனுக்கு எதுவுமே சரியாக நடக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். செருப்புக்காலோடு உள்ளே நுழைந்தான். அப்பா கண்டித்தார். சாப்பாட்டு மேஜைக்குப் போனால் அங்கே கீரை! பையன் சாப்பிட மாட்டேன் என்றான்.

"உன் அறைக்குப் போ. கோபம் தணிந்த பிறகு கீழே வா" என்று அப்பா அனுப்பிவிட்டார்.

அறைக்குள் போனதும் பையனுடைய வயிற்றுக்குள் ஏதோ கிளம்பியது. அது மேலே, மேலே ஏறியது. வாயைத் திறந்தான். ஒரு பெரிய சிவப்புப் பூதம் வெளியே குதித்தது!

பூதம் படுக்கையைக் கலைத்தது. விளக்கைத் தள்ளியது. புத்தக அலமாரியைக் கவிழ்த்தது. கடைசியில் விளையாட்டுச் சாமான் பெட்டியின் மேல் கை வைத்தது. அதில்தான் பையனுக்கு உயிரான பொம்மைகள் இருந்தன. அவ்வளவுதான்! "நிறுத்து!" என்று கத்தினான். உடைந்ததை ஒட்டினான். கவிழ்ந்ததை நிமிர்த்தினான். ஒவ்வொன்றாக அவன் சரிசெய்யச் செய்ய, பூதம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் கைக்குள் அடங்கும் அளவுக்கு ஆகிவிட்டது. அதை ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டுக் கீழே இறங்கி வந்தான். அப்பாவிடம் பலகாரம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான்.

கதை இவ்வளவுதான். நாலு வயதுக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். ஆனால் இந்தச் சிறிய கதைக்குப் பின்னால் பெரிய பெரிய விவாதங்கள் இருக்கின்றன. சட்டமும் இருக்கிறது. சர்க்காரும் இருக்கிறது.

எங்கே வந்தது?

இந்தக் கதை பிரெஞ்சு மொழியில் வந்த படப் புத்தகம். பெயர் "கிரோஸ் கொலேர்". "பெருங்கோபம்" என்று பொருள். எழுதிப் படமும் போட்டவர் மிரேய் தலான்சே என்ற பெண்மணி. 2000-ம் ஆண்டில் பாரீஸ் நகரத்தில் உள்ள "எக்கோல் தே லுவாசீர்" என்ற பதிப்பகம் வெளியிட்டது. குழந்தைகள் புத்தகத்துக்கென்றே 1965-ல் தொடங்கிய பதிப்பகம் அது.

பிரான்சில் சிறு பிள்ளைகளின் பள்ளிகளில் இது மிகவும் பழகிய புத்தகம். பிரெஞ்சு மொழியைப் புதிதாகக் கற்கும் வேறு நாட்டுக் குழந்தைகளுக்கும் ஆசிரியைகள் இதைப் படித்துக் காட்டுகிறார்கள்.

புது மொழி கற்க வருகிற குழந்தைக்கு "பூனை", "நாய்", "ஆப்பிள்" என்றல்லவா சொல்லிக்கொடுக்க வேண்டும்? கோபம் எதற்கு?

காரணம் இருக்கிறது.

வாய் பேசாவிட்டால் கை பேசும்

பிரான்சில் மூன்று வயதானால் குழந்தைக்குக் கல்வி கட்டாயம். முன்பு ஆறு வயதில்தான் கட்டாயம். 2019-ம் ஆண்டு முதல் மூன்று வயதாகக் குறைத்துவிட்டார்கள்.

பாரீஸில் லா ஷாப்பேல் என்று ஒரு வட்டாரம் உண்டு. அங்கே தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும். இலங்கையில் 1983-ல் நடந்த கலவரத்துக்குப் பிறகு அங்கே போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அப்படி ஒரு வீட்டுக் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ்தான். மூன்று வயதில் வகுப்பில் கொண்டுபோய் விடுகிறார்கள். சுற்றிலும் பிரெஞ்சு!

பக்கத்துப் பையன் பொம்மையைப் பிடுங்கிக்கொள்கிறான். "அது என்னுடையது, கொடு" என்று சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் அவனுக்குப் புரியாது. பிரெஞ்சில் சொல்ல இவனுக்குத் தெரியாது. என்ன செய்வான்? ஒரு அடி கொடுப்பான். அல்லது கடிப்பான். அல்லது மூலையில் போய் உட்கார்ந்துவிடுவான்.

"முரட்டுப் பையன்" என்று பெயர் வந்துவிடும். உண்மையில் அவன் முரடன் அல்ல. அவனிடம் சொல் இல்லை. அவ்வளவுதான்.

"செ தா முவா" என்றால் "இது என்னுடையது". "அரேத்" என்றால் "நிறுத்து". "ஜெ சுயி ஆன் கொலேர்" என்றால் "எனக்குக் கோபமாக இருக்கிறது". இந்த மூன்றும் வாயில் வந்துவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும். ஆகவேதான் பூனை, நாயோடு கோபத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரான்ஸ் சர்க்கார் 2015-ல் வெளியிட்ட சிறுவர் பள்ளிப் பாடத்திட்டத்திலும் மொழிக்குத்தான் முதல் இடம்.

கனடாவிலும் இதே கதை

கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சி மொழிகள். அங்கே 1965-ம் ஆண்டில் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் ஒரு புதுமை நடந்தது. ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் ஒன்றுகூடினார்கள். "எங்கள் குழந்தைகளுக்கு முதல் வகுப்புக்கு முன்பிருந்தே எல்லாவற்றையும் பிரெஞ்சில் நடத்துங்கள்" என்று கேட்டு, அதைச் சாதித்தும் விட்டார்கள். தண்ணீரில் தள்ளி நீச்சல் பழக்குவது போன்ற முறை இது. இன்றைக்குக் கனடா முழுவதும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் இம்முறையில் படிக்கிறார்கள்.

இந்த வகுப்புகளில் படப் புத்தகம்தான் பெரிய துணை. சொல் தெரியாவிட்டாலும் படம் தெரியும். சிவந்த முகம், இறுகிய முஷ்டி, உடைந்த விளக்கு! இவற்றைப் பார்த்தால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் விஷயம் விளங்கிவிடும். பிறகு ஆசிரியை சொல்லும் வார்த்தை மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நமக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. புதுச்சேரியில் 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1954-ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பள்ளி போகவில்லை. தமிழ் வீடுகளிலிருந்து போகிற பிள்ளைகள் அங்கே பிரெஞ்சு படிக்கிறார்கள்.

காலராவும் கோபமும்!

"கொலேர்" என்ற பிரெஞ்சுச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? "காலரா" என்ற நோயின் பெயர் பிறந்த இடத்திலிருந்துதான்! இரண்டுக்கும் மூலம் பித்தத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். பித்தம் மிகுந்தால் கோபம் வரும் என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். நம் ஊரிலும் "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று சொல்கிறோம் அல்லவா?

கோபம் வந்தால் "கடுகு மூக்கில் ஏறுகிறது" என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். நாம் "முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது" என்கிறோம். அங்கே கடுகு, இங்கே எள்ளும் கொள்ளும். அடுப்பங்கரைச் சாமான் மட்டும்தான் வேறு!

ஒரே பிரெஞ்சுச் சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுவதும் உண்டு. "ஷொக்கே" என்றால் பிரான்சில் "அதிர்ச்சி அடைந்தவன்". கியூபெக்கில் அதே சொல்லுக்குக் "கோபம் கொண்டவன்" என்றும் பொருள். கற்கிற பிள்ளைக்கு இதுவும் ஒரு வேடிக்கை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. தமிழில் "எனக்குக் கோபம் வருகிறது" என்கிறோம். கோபம் ஒரு விருந்தாளி மாதிரி வருகிறது. பிரெஞ்சில் "நான் கோபத்தில் இருக்கிறேன்" என்கிறார்கள். அங்கே ஆள் கோபத்துக்குள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறான்! ஆனால் ரொபேரின் கதை நம் தமிழ் வழக்குக்குத்தான் நெருக்கம். கோபம் வந்தது, ஆட்டம் போட்டது, பிறகு போய்விட்டது. பையன் வேறு, கோபம் வேறு. "நீ கெட்டவன்" என்று கதை சொல்லவில்லை. "உனக்குள் ஒரு பூதம் வந்தது, அதை நீயே அடக்கினாய்" என்று சொல்கிறது.

வேறு புத்தகங்கள்

கோபத்தைப் பற்றிய படப் புத்தகங்களுக்கு முன்னோடி ஒன்று உண்டு. அமெரிக்கர் மாரிஸ் செண்டாக் 1963-ல் வெளியிட்ட புத்தகம் அது. மாக்ஸ் என்ற பையன் ஓநாய் வேஷம் போட்டுக்கொண்டு குறும்பு செய்கிறான். அம்மா சாப்பாடு போடாமல் படுக்க அனுப்புகிறாள். பையன் கற்பனையில் கப்பல் ஏறிக் காட்டுப் பூதங்களின் தீவுக்குப் போய் ராஜா ஆகிறான். பிறகு வீட்டு நினைப்பு வருகிறது. திரும்பி வந்தால் அறையில் சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது! 1967-ல் இது பிரெஞ்சு மொழியிலும் வந்தது.

1999-ல் மாலி பாங் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஸோஃபி என்ற சிறுமியின் கதையை எழுதினார். பொம்மைக் குரங்கைச் சகோதரி எடுத்துக்கொள்கிறாள். ஸோஃபி எரிமலை மாதிரி வெடிக்கிறாள். வெளியே ஓடுகிறாள். அழுகிறாள். ஒரு பெரிய மரத்தில் ஏறி உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள். காற்று வீசுகிறது. மனம் ஆறி வீட்டுக்குத் திரும்புகிறாள். இதற்கும் பிரெஞ்சுப் பதிப்பு உண்டு.

ஸ்பெயின் நாட்டு அன்னா யேனாஸ் 2012-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு பூதத்தின் உணர்ச்சிகள் எல்லாம் கலந்து குழம்பிக் கிடக்கின்றன. ஒரு சிறுமி உதவி செய்கிறாள். மகிழ்ச்சி மஞ்சள், துக்கம் நீலம், கோபம் சிவப்பு, பயம் கறுப்பு, அமைதி பச்சை என்று தனித்தனி ஜாடிகளில் பிரித்து வைக்கிறாள். 2014-ல் இது பிரெஞ்சில் வந்தது. மொழி கற்கும் குழந்தைக்கு இதில் இரட்டை லாபம். நிறங்களின் பெயரும் தெரியும். உணர்ச்சிகளின் பெயரும் தெரியும்.

படிக்காமலே கண்டனம்!

இந்தப் புத்தகங்களை எல்லோரும் வாழ்த்தி வரவேற்றுவிடவில்லை. செண்டாக்கின் புத்தகம் வந்தபோது, "குழந்தைகள் பயந்துபோவார்கள்" என்று பலர் சொன்னார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்ற பிரபல மனோதத்துவ அறிஞர் 1969-ல் ஒரு மாதர் பத்திரிகையில் அதைக் கண்டித்தார். தாயே பிள்ளையைப் பட்டினி போடுவது குழந்தை மனத்தைக் கலங்கச் செய்யும் என்பது அவர் கட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவே இல்லை! தாய்மார்கள் சொன்னதைக் கேட்டே தீர்ப்பு வழங்கிவிட்டார். குழந்தைகளோ பயப்படவில்லை. திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். அந்தப் புத்தகத்துக்கு 1964-லேயே அமெரிக்காவின் உயர்ந்த படப் புத்தகப் பரிசு கிடைத்திருந்தது.

அடிக்கத் தடை

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

2019-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. பெற்றோர் தங்கள் அதிகாரத்தைச் செலுத்தும்போது உடலை வருத்தவும் கூடாது, மனத்தை வருத்தவும் கூடாது என்பது அதன் சாரம். பிள்ளையை அடிக்கக் கூடாது. இழிவாகப் பேசவும் கூடாது. ஸ்வீடன் நாடு 1979-லேயே இப்படி ஒரு சட்டம் செய்து, உலகத்துக்கு வழிகாட்டியது.

சட்டம் சரி. ஆனால் தாய் தகப்பன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அடிக்காதே என்கிறீர்கள். பையன் தரையில் விழுந்து புரளுகிறான். தட்டைத் தூக்கி எறிகிறான். நான் என்ன செய்ய?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பல பெற்றோர் புத்தகக் கடைக்குப் போகிறார்கள். கோபப் புத்தகங்கள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரம்பை எடுத்த கையில் இப்போது புத்தகம் இருக்கிறது.

"அறைக்குப் போ!" சரியா?

ரொபேரின் அப்பா அவனை அடிக்கவில்லை. அறைக்கு அனுப்பினார். அது சரியா, தவறா? பிரான்சில் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது.

இசபெல் ஃபிலியோசா என்ற மனோதத்துவ எழுத்தாளர் ஒரு பக்கம். குழந்தையின் கோபத்துக்குப் பின்னால் ஒரு தேவை இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள், தண்டனை வேண்டாம் என்பது அவர் கட்சி. கரோலின் கோல்ட்மன் என்ற மனோதத்துவ நிபுணர் எதிர்ப்பக்கம். குழந்தைக்கு எல்லை வேண்டும், எல்லை தாண்டினால் அறைக்கு அனுப்புவதில் தவறில்லை என்கிறார் அவர். "உன் அறைக்குப் போ" என்ற தலைப்பிலேயே 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பயந்து நடுங்குகிற குழந்தையைத் தனியே பூட்டி வைத்தால் கோபம் போகாது, பயம்தான் சேரும். அதே சமயம், எதைச் செய்தாலும் கேட்பாரில்லை என்று வளர்கிற குழந்தைக்கு உலகம் புரியாது. ரொபேரின் கதை நடுவழியில் போகிறது. அப்பா கண்டிப்பாக இருக்கிறார். ஆனால் கதவு பூட்டவில்லை. கீழே வந்தபோது பலகாரமும் இருக்கிறது. மாக்ஸின் அம்மாவும் அப்படித்தான். தண்டித்தாள், ஆனால் சாப்பாட்டைச் சூடாக வைத்திருந்தாள். கண்டிப்புக்குப் பிறகும் அன்பு இருக்கிறது என்பதைப் பிள்ளைக்குத் தெரிவிப்பதுதான் முக்கியம்.

பள்ளியில் புதுப் பாடம்

2023-ம் ஆண்டில் பிரான்சை உலுக்கிய செய்திகள் வந்தன. சக மாணவர்களின் கேலியையும் தொல்லையையும் தாங்க முடியாமல் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இத்தகைய தொல்லையைக் குற்றமாக்கி 2022 மார்ச் மாதத்திலேயே சட்டம் போட்டிருந்தார்கள். தொல்லை தாளாமல் ஒருவர் உயிரை விட்டால், பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை! ஆனாலும் துயரம் நிற்கவில்லை.

அப்போது கல்வி மந்திரியாக இருந்த காப்ரியேல் அத்தால், டென்மார்க் நாட்டைப் பார்த்து ஒரு திட்டம் அறிவித்தார். பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளச் சிறு வயதிலேயே பழக்கும் வகுப்பு அது. 2024 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கியது.

தன் கோபத்தை அறியாதவனுக்குப் பிறன் துக்கம் எப்படித் தெரியும்? முதலில் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிறகுதான் அடுத்தவன் முகத்தைப் படிக்க முடியும். அந்தக் கண்ணாடி வேலையைப் படப் புத்தகம் செய்கிறது.

சோதனைகள் சொல்வது

பெயர் சொன்னால் கோபம் குறையுமா? 2007-ல் அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். கோப முகம், பயந்த முகம் முதலிய படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது மூளையில் அபாயமணி அடிக்கும் பகுதியின் துடிப்பு குறைந்தது. இது பெரியவர்களிடம் நடத்திய சோதனை. ஆனாலும் வழி காட்டுகிறது.

"தலையணையைக் குத்து, கோபம் போய்விடும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2002-ல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்கர் அதையும் சோதித்துப் பார்த்தார். கோபம் மூட்டியவனை நினைத்துக்கொண்டு மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது! சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. ஸோஃபி மரத்தில் ஏறி உட்கார்ந்தது சரிதான்.

இன்னொரு பழைய ஆராய்ச்சியும் உண்டு. ஃபுளோரன்ஸ் குடினஃப் என்ற பெண்மணி 1931-ல் வெளியிட்டது. குழந்தை எப்போதெல்லாம் கோபித்தது என்று தாய்மார்களைக் குறித்துவைக்கச் சொன்னார். சாப்பாட்டு வேளைக்கு முன்னால்தான் கோபம் அதிகம் என்று தெரிந்தது. பசி! களைப்பு! பாட்டிமார்கள் ஆராய்ச்சி செய்யாமலே கண்டுபிடித்த உண்மை இது.

புத்தகம் மருந்து அல்ல

ஆகவே ஒன்றை மறக்கக் கூடாது. பசித்து அழுகிற பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு? சோறு கொடுங்கள். தூக்கம் வராமல் சிணுங்கினால் தூங்கவையுங்கள். வகுப்பில் ஒருவன் தினமும் அடிக்கிறான் என்றால், அடிபடுகிற பிள்ளையின் கோபம் நியாயமானது. அவனிடம் "மூச்சை இழுத்து விடு" என்று மட்டும் சொன்னால் அது ஏமாற்று வேலை. அடிக்கிறவனைத் தடுப்பதுதான் பெரியவர் கடமை. எல்லாக் கோபமும் பெட்டியில் அடைக்க வேண்டிய பூதம் அல்ல.

கோபம் கொதிக்கும் நேரத்தில் புத்தகத்தை விரிப்பதும் வீண். எரிகிற வீட்டில் கிணறு வெட்டுகிற கதைதான். சாயங்காலம், எல்லோரும் அமைதியாக இருக்கும்போது மடியில் வைத்துப் படிக்க வேண்டும். படத்தைக் காட்டி, "இவன் ஏன் இப்படி இருக்கிறான்?" என்று கேட்க வேண்டும். பதிலைப் பிள்ளை சொல்லட்டும். நாளைக்குக் கோபம் வரும்போது அந்தப் படம் நினைவுக்கு வரும். சொல்லும் வரும்.

வேற்று மொழி கற்கிற குழந்தை என்றால் வீட்டு மொழியிலும் அதே கதையைச் சொல்லுங்கள். "கொலேர்" பள்ளியில் இருக்கட்டும். "கோபம்" வீட்டில் இருக்கட்டும். இரண்டு சொல் தெரிந்த பிள்ளைக்குப் பூதத்தைப் பிடிக்க இரண்டு பெட்டி!

கடைசியாக ஒன்று. கோபப் புத்தகத்தைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் அடுப்பங்கரையில் அப்பாவும் அம்மாவும் பாத்திரத்தை உருட்டிச் சண்டை போட்டால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? புத்தகத்தையா, பாத்திரத்தையா?

அந்தச் சிவப்புப் பூதம் பெரியவர் வயிற்றிலும் இருக்கிறது. அதற்கும் ஒரு பெட்டி வேண்டும்.